போஸ்டரில் இருக்கும் ஆண்டை நம்பிப் பணம் கொடுக்காதீர்கள்

பாரிஸில் பழைய காகிதங்களைச் செப்பனிடுவது என் தொழில். அண்மையில் ஒருவர் அட்டைக் குழாயில் சுருட்டி ஒரு போஸ்டர் கொண்டுவந்தார். வேட்டை ஓவியக் கண்காட்சி ஒன்றின் விளம்பரம்: பாய்ந்தோடும் மான், பின்னால் நான்கு நாய்கள், கீழே 1960-களின் ஒரு தேதி. ‘அசல் லித்தோ’, அதாவது கல்லில் வரைந்து எடுத்த கல்லச்சு, என்று சொல்லி அவரிடம் விற்றிருக்கிறார்கள்.

பத்து மடங்கு பெரிதாக்கும் லென்ஸை நாயின் காதருகே வைத்தேன். பழுப்பு, பழுப்பாக இல்லை. நீலம், சிவப்பு, மஞ்சள், கறுப்புப் புள்ளிகள் சின்னச் சின்னப் பூக்கோலமாக நின்றன. ஆஃப்செட், அதாவது படம் பிடித்துப் புள்ளிகளாக அடிக்கும் இயந்திர அச்சு. காகிதமும் புதுப் பளபளப்பு. மறுஅச்சுப் போடுகிறவர்கள் தேதியையும் சேர்த்துத்தானே படம் பிடிப்பார்கள்! அது கண்காட்சி நடந்த ஆண்டு. அச்சான ஆண்டு அல்ல.

கல்லச்சில் புள்ளிக்கோலம் இருக்காது. சுண்ணாம்புக் கல்லில் கொழுப்பு மையால் வரைந்து, கல்லை நனைத்து மை உருளையை ஓட்டினால், வரைந்த இடம் மட்டும் மையைப் பிடிக்கும். ஒவ்வொரு நிறத்துக்கும் தனிக் கல் அல்லது தகடு. லென்ஸில் பார்த்தால் பழுப்பு முழுப் பழுப்பாகவே தெரியும், ஓரங்களில் கல்லின் சொரசொரப்போடு. 1945-இல் பிக்காசோ கல்லில் வரையப் போன மூர்லோ அச்சகம் ஷப்ரோல் தெருவில் இருந்தது. கார் து நோர் ரயில் நிலையப் பக்கத்துத் தமிழ்க் கடைகளிலிருந்து நடந்தே போய்விடலாம்.

வேட்டைப் போஸ்டர்களில் இன்னொரு குழப்பமும் உண்டு. ‘ஊத்ரி வரைந்த லித்தோ’ என்பார்கள். பதினைந்தாம் லூயி மன்னரின் வேட்டை நாய்களை வரைந்த ஊத்ரி இறந்தது 1755-இல். செனஃபெல்டர் கல்லச்சைக் கண்டுபிடித்தது 1790-களின் பிற்பகுதியில். ஓவியத்தைப் பார்த்துக் கல்லில் வரைந்தவர் பின்னாளில் வந்த ஒரு கைவினைஞராகத்தான் இருக்கும். அது குறையில்லை, ஊத்ரியின் கை என்று விலை சொல்வதுதான் குறை. கண்காட்சி நடந்த 1960-களிலேயே ஆஃப்செட்டில் அடித்த போஸ்டர்களும் உண்டு. அவை போலி அல்ல, ஆனால் லித்தோ விலைக்கு வாங்காதீர்கள்.

அசலே கிடைத்தாலும் பிறகு அதைக் கெடுப்பது நாம்தான். லேமினேஷன் வேண்டாம், சூடாக்கி அட்டையில் ஒட்டவும் வேண்டாம், இரண்டையும் பிரித்தெடுக்க நான் பட்ட பாடு போதும். ஃபிரேமுக்குப் பொருந்தவில்லையென்று ஓரத்தை வெட்டினால், அடியில் பொடி எழுத்தில் இருக்கும் அச்சகத்தின் பெயர் குப்பைக்குப் போய்விடும்.

எல்லாம் கேட்டுவிட்டு, “அப்படியென்றால் இதைத் தூக்கிப் போட்டுவிடவா?” என்றார் வந்தவர்.

“எதற்கு? நாய்கள் அழகாகத்தானே இருக்கின்றன. வெயில் படாத சுவராகப் பார்த்து மாட்டுங்கள்.”