செயற்கை உயிரியல் போட்டிக்குச் செல்லும் மாணவர் அணிகளுக்கு: அனுமதி முதலில், பொருள் பிறகு

உயிரிகளின் மரபணுக்களை மாற்றிப் புதிய பயன் தேடும் செயற்கை உயிரியல் துறையின் சர்வதேச மாணவர் போட்டியான ஐஜெம் (iGEM) போட்டிக்குக் கொழும்பில் அணி அமைக்கும் மாணவர்கள் பணம் திரட்டுவதைப் பற்றி மாதக்கணக்கில் பேசுகிறார்கள். பாதுகாப்பு விதிகளைப் பற்றிப் படிவம் அனுப்ப வேண்டிய கடைசி வாரத்தில்தான் பேசத் தொடங்குகிறார்கள். அதற்காக மாணவர்களைக் குறை சொல்வது நியாயமில்லை. எந்தக் குழுவிடம் போக வேண்டும், எந்தக் கடிதம் முதலில் வர வேண்டும் என்று சொல்ல வேண்டியவர்கள் அதைச் சொல்வதில்லை. ஒரு கையொப்பம் பிந்தியதால் ஓராண்டு உழைப்பு வீணாகி, திறமையான பிள்ளைகள் தங்களிடம்தான் பிழை இருக்கிறது என்று நம்பி ஒதுங்கியதை நான் பார்த்திருக்கிறேன். ஆகவே விதிகள் முழுவதையும் இங்கே ஒப்புவிக்காமல், அணிகள் உண்மையில் அகப்படும் இடங்களை மட்டும் எழுதுகிறேன்.

பின்னணி இவ்வளவு தெரிந்தால் போதும். 2003 இல் அமெரிக்காவின் எம்ஐடி நிறுவனத்தில் ஒரு பாடநெறியாகத் தொடங்கி, 2004 இல் போட்டியாக மாறிய ஐஜெம், 2022 முதல் தன் இறுதிச் சந்திப்பைப் பாரிஸில் நடத்துகிறது. அணியை இரண்டு வகை விதிகள் கட்டுப்படுத்தும்: ஒன்று போட்டியின் விதி, மற்றது இந்நாட்டின் சட்டமும் உங்கள் நிறுவனத்தின் நடைமுறையும். ஒன்றில் கிடைத்த ஒப்புதல் மற்றதற்குச் செல்லாது. பாரிஸிலிருந்து சரி என்று மின்னஞ்சல் வந்துவிட்டது என்பதற்காகக் கட்டுநாயக்க விமான நிலையத்தில் சுங்க அதிகாரி பொதியை விடுவிக்க மாட்டார்.

போட்டி விதிகளில் அதிகம் பேர் தடுக்கி விழுவது வெள்ளைப் பட்டியலில், அதாவது தனி ஒப்புதல் இல்லாமலே பயன்படுத்தக்கூடியவற்றின் பட்டியலில். ஈ. கோலை கே-12 போன்ற பாதிப்பற்ற ஆய்வுகூட பக்றீரியா வகைகளும் வழக்கமான வேலைகளும் அப்பட்டியலில் உள்ளன. பட்டியலில் இல்லாத நுண்ணங்கியையோ மரபணுத் துண்டையோ பயன்படுத்துவதாயின், முன்கூட்டியே செக்-இன் படிவம் அனுப்பி ஒப்புதல் வரும்வரை காத்திருக்க வேண்டும். “எங்கள் பக்றீரியா பட்டியலில் இருக்கிறது, ஆகவே படிவம் தேவையில்லை” என்பதே நான் அதிகம் கேட்கும் தவறான முடிவு. பக்றீரியா பட்டியலில் இருந்தாலும், அதற்குள் நீங்கள் புகுத்தும் மரபணு ஒரு நோய்க்கிருமியிலிருந்து வந்ததாயின் அது தனியாகக் கணிக்கப்படும். அந்த மரபணுவை நிறுவனம் ஒன்றிடம் செயற்கையாகத் தயாரித்து வாங்கினோம், கிருமியைத் தொடவே இல்லை என்ற வாதம் அங்கே எடுபடாது. முதுகெலும்புள்ள விலங்குகளில் செய்யும் சோதனைகளுக்கும் முன் ஒப்புதல் வேண்டும். மருத்துவத்துக்கு முக்கியமான நுண்ணுயிர்க்கொல்லிகளை எதிர்க்கும் ஆற்றலைத் தரும் மரபணுக்களும் தனிக் கவனத்துக்குரியவை. மூன்றாம், நான்காம் அபாயப் பிரிவு நுண்ணங்கிகளுக்கு, அதாவது மனிதருக்குக் கடும் நோய் தரக்கூடியவற்றுக்கு, மாணவர் அணிகளிடையே இடமே இல்லை. அவற்றைப் பற்றிக் கடிதம் எழுதி நேரத்தை வீணாக்க வேண்டாம். இறுதித் திகதிகள் ஆண்டுக்காண்டு மாறும் என்பதால், சென்ற ஆண்டு அணி தந்த கோப்பை வைத்துக்கொண்டு திட்டமிடாதீர்கள்.

அடுத்தது வெளிவிடாமை விதி. மரபணு மாற்றிய எந்த உயிரியும் எந்த வடிவிலும் ஆய்வுகூடத்தை விட்டு வெளியே போகக் கூடாது. இதைக் கேட்டதும் வயலில் தெளிப்பதை மட்டும் நினைக்கிறார்கள். பாடசாலைக் கண்காட்சிக்கு ஒளிரும் பக்றீரியாத் தட்டை மூடி ஒட்டிக் கொண்டுபோவதும், ஊடகக்காரருக்குக் காட்டுவதற்காகப் பையில் வைத்துக்கொண்டு பேருந்தில் ஏறுவதும் இதே விதியை மீறுபவைதான். வடமத்திய மாகாணத்தின் சிறுநீரக நோயையோ சுன்னாகத்தின் கிணற்று நீரையோ கருப்பொருளாக எடுத்து, நீரிலுள்ள மாசைக் காட்டும் உணரி ஒன்றை மரபணு மாற்றிய நுண்ணங்கியைக் கொண்டு உருவாக்க விரும்பும் அணிகள் பல. நல்ல எண்ணம்தான், ஆனால் உணரியைக் கிணற்றடிக்குக் கொண்டுபோகாதீர்கள், கிணற்று நீரை ஆய்வுகூடத்துக்குக் கொண்டுவாருங்கள். கிணற்றடியில் எடுத்த ஒரு புகைப்படமே அணியைத் தகுதியிழக்கச் செய்யப் போதும்.

மனிதரில் சோதிப்பதற்கும் இதே கண்டிப்பு உண்டு. மாற்றிய நுண்ணங்கி சேர்ந்த தயிரை அணியினரே ருசி பார்ப்பதும், பூச்சு ஒன்றைத் தம் கையில் தடவிப் பார்ப்பதும் மனிதச் சோதனைதான். “எங்கள் உடம்பு, எங்கள் விருப்பம்” என்று சொல்லித் தப்ப முடியாது. விவசாயிகளிடமோ நோயாளிகளிடமோ கேள்விக்கொத்து நிரப்புவதற்கும் உங்கள் நிறுவனத்தின் நெறிமுறைக் குழுவைக் கேட்டுக்கொள்ள வேண்டும். அந்த அனுமதி நேர்காணலுக்கு முந்திய திகதியைத் தாங்கியிருக்க வேண்டும், ஏனெனில் நடந்து முடிந்த வேலைக்குப் பின்திகதியில் ஒப்புதல் தர நெறிமுறைக் குழுக்கள் மறுப்பதே வழக்கம், மறுப்பது சரியும்கூட.

இனி உள்ளூர் அலைச்சல். மாணவர்களை அதிகம் நோகடிப்பது இதுதான். நெறிமுறைக் குழு மனிதரையும் அவர்களிடமிருந்து பெறும் மாதிரிகளையும் பற்றி முடிவெடுக்கும். மரபணு மாற்ற வேலையைப் பார்க்க வேண்டியது உயிரியல் பாதுகாப்புக் குழு. ஒன்றின் கடிதத்தை மற்றதற்கு ஈடாகக் காட்ட முடியாது. ஆனால் சில நிறுவனங்களில் உயிரியல் பாதுகாப்புக் குழு பெயரளவில் இருக்கும், கூடுவதில்லை. சிலவற்றில் குழுவே இல்லை. அப்போது பீடத்தில் “அமைச்சிடம் கேளுங்கள்” என்பார்கள். பத்தரமுல்லையில் சுற்றாடல் அமைச்சின் உயிர்ப்பல்வகைமைச் செயலகத்துக்குப் போனால், நிறுவனத்தின் கடிதத்தோடு வரும்படி திருப்பி அனுப்புவார்கள். இந்தச் சுற்றில் ஒரு பல்கலைக்கழகத் தவணையே கழிந்துவிடும். இதை உடைக்க எனக்குத் தெரிந்த வழி ஒன்றுதான். அமைச்சுக்குப் போவதற்கு முன், எந்த நுண்ணங்கி, எந்த மரபணு, எந்த அறை, எப்படி அழிப்போம், யார் பொறுப்பு என்று ஒரே பக்கத்தில் எழுதி, துறைத்தலைவர் ஊடாகப் பீடாதிபதிக்குக் கொடுத்து, பெற்றுக்கொண்டதற்கு முத்திரையிட்ட பிரதியை வாங்குங்கள். குழு கூடாவிட்டால், தகுதியுள்ள இரண்டு விரிவுரையாளர்களைக் கொண்டு தற்காலிகமாக மீளாய்வு செய்து எழுத்தில் தரும்படி அதே கடிதத்தில் கேளுங்கள். வாய்மொழியாகச் சொன்ன சம்மதத்தை நம்பி ஆய்வுகூடத்தில் ஒரு மாதிரிக் குழாயையும் திறக்காதீர்கள். பிரச்சினை வந்த நாளில் அந்தச் சம்மதத்தை எவரும் நினைவுகூர்வதில்லை.

மேற்பார்வையாளர் விடயத்திலும் கவனம் வேண்டும். பாதுகாப்புப் படிவத்துக்கு அவருடைய ஒப்புதல் தேவை. எங்கள் விரிவுரையாளர்கள் விடுமுறையிலோ வெளிநாட்டு ஆய்விலோ இருக்கும் மாதங்களில்தான் திகதிகள் வருகின்றன. இரண்டாவது மேற்பார்வையாளரைப் பெயருக்காகச் சேர்க்காமல், உண்மையில் படிவத்தை வாசித்துக் கையொப்பமிடக்கூடியவரைத் தேர்ந்தெடுங்கள்.

வெளிநாட்டிலிருந்து வரவழைக்கும் பொதிகளைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. இலங்கை 2004 இல் ஏற்றுக்கொண்ட சர்வதேச ஒப்பந்தமான கார்ட்டஹேனா நெறிமுறை, மரபணு மாற்றிய உயிருள்ள அங்கிகளைப் பற்றியது. உலர்ந்த டிஎன்ஏ உயிருள்ள அங்கி அல்ல. ஆனால் பொதியின் பட்டியலில் “உயிரியல் பொருள்” என்று மொட்டையாக எழுதியிருந்தால், அதைப் பிரித்துப் பார்த்து முடிவெடுக்கச் சுங்க அதிகாரிக்கு எந்தக் காரணமும் இல்லை, அவர் நிறுத்தி வைப்பார். ஆகவே “தொற்றாத, உயிரற்ற, உலர்ந்த டிஎன்ஏ, கற்பித்தலுக்கும் ஆய்வுக்கும்” என்று அனுப்புநரையே தெளிவாக எழுதச் சொல்லுங்கள். உயிருள்ள மாற்றிய வகையே வருகிறதென்றால், கார்ட்டஹேனா நெறிமுறையின் 18 ஆம் உறுப்புரை கேட்கும் விபரங்கள் அதோடு வர வேண்டும்: அது மாற்றிய உயிரி என்ற அடையாளம், கையாளும் முறை, பெறுபவரின் பெயரும் முகவரியும், தொடர்பு கொள்ள வேண்டியவர். தொற்றாத மாற்றிய நுண்ணங்கிகளுக்கு விமானப் போக்குவரத்தில் ஐநா 3245 என்ற இலக்கம் உண்டு. அது தவறினால் விமான நிறுவனமே பொதியை ஏற்காது. பெறுபவர் நிறுவனமாக இருக்க வேண்டும். வெள்ளவத்தை வீட்டு முகவரிக்கு மரபணு வரவழைக்க முயன்றால், வாங்குவோரின் கட்டளைகளைச் சோதிக்கும் மரபணுத் தயாரிப்பு நிறுவனங்கள் உங்களைச் சந்தேகத்துக்குரிய வாடிக்கையாளராகவே பார்க்கும், அந்தப் பதிவு பிறகும் உங்களைத் தொடரும். வெள்ளிக்கிழமை வந்து சேரும்படி எதையும் அனுப்பச் செய்யாதீர்கள். எனக்குத் தெரிந்த ஓர் அணியின் குளிரூட்டிய பொதி வார இறுதி முழுவதும் கிடங்கில் கிடந்து பழுதானது, எவரும் பொறுப்பேற்கவில்லை.

உள்ளூர் மண்ணிலிருந்து நுண்ணங்கி பிரிக்க விரும்பும் அணிகள் இடத்தைப் பார்த்துத் தேர்ந்தெடுக்க வேண்டும். பெல்லன்வில–அத்திடிய சதுப்பு நிலம் கொழும்புக்குப் பக்கத்தில் இருப்பதால் பலர் போத்தலோடு அங்கே போகிறார்கள். அது 1990 இல் அறிவிக்கப்பட்ட சரணாலயம். வனஜீவராசிகள் பாதுகாப்புத் திணைக்களத்தின் அனுமதியின்றி அங்கே மாதிரி எடுக்கக் கூடாது. அந்த அனுமதி உடனே கிடைப்பதில்லை. பல்கலைக்கழகத் தோட்டத்து மண் உங்கள் கேள்விக்குப் போதுமென்றால் அதையே எடுங்கள்.

படிவத்தில் உங்கள் வேலையை எவராவது துர்ப்பயன்படுத்த முடியுமா என்ற கேள்வியும் வரும். “இல்லை” என்ற ஒற்றைச் சொல் அங்கே நிற்காது. என்ன நடக்கக்கூடும், அது ஏன் கடினம், எதை நாங்கள் வெளியிடாமல் வைத்தோம் என்று மூன்று நேரிய வாக்கியங்கள் எழுதுங்கள். ஆபத்து இருப்பதாக ஒப்புக்கொண்டால் தகுதியிழப்போம் என்ற பயம் தேவையில்லை; சிந்திக்காமல் எழுதிய பதிலே சந்தேகத்தை எழுப்புகிறது.

அரச அலுவலகம் பதில் தராமல் இழுத்தால் தமிழிலேயே எழுதுங்கள். தமிழில் எழுதவும் தமிழில் பதில் பெறவும் அரசியலமைப்பின் 22 ஆம் உறுப்புரை கொழும்பிலும் உங்களுக்கு உரிமை தருகிறது. அதன் பிறகும் அசையாவிட்டால், 2016 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ், உங்கள் விண்ணப்பம் எந்த மேசையில், என்ன குறிப்போடு இருக்கிறது என்று தகவல் உத்தியோகத்தரிடம் கேளுங்கள். அவர் 14 வேலை நாட்களுக்குள் முடிவைத் தெரிவிக்க வேண்டும். கோபமாக எழுதிய முறைப்பாடுகள் கிடப்பில் கிடந்தபோது, இந்தக் கேள்வி கோப்பை நகர்த்தியதை நான் கண்டிருக்கிறேன்.

போட்டி முடிந்ததும் உறைபெட்டியில் மிஞ்சியிருக்கும் குழாய்களுக்கு ஒரு பட்டியல் தயாரியுங்கள். தேவையற்றவற்றை 121 பாகை செல்சியஸில் அழுத்தக் கொதிகலத்தில் (ஓட்டோகிளேவ்) அழித்து, திகதியோடு பதிவேட்டில் எழுதி, மேற்பார்வையாளரிடம் கையொப்பம் வாங்குங்கள். வைத்திருப்பவற்றுக்கு, பட்டம் பெற்று வெளியேறும் மாணவரின் பெயரை எழுதாமல், நிறுவனத்தில் தொடர்ந்து இருக்கும் ஒருவரின் பெயரை எழுதுங்கள். அந்தப் பதிவேட்டின் பிரதி ஒன்றை அடுத்த ஆண்டு அணியிடம் கொடுத்துவிடுங்கள்.