கேப்சூல் பொடி புண்ணுக்கு மருந்தல்ல

தைப்பூசம் முடிந்தால் போதும், காரைக்குடி, தேவகோட்டைப் பக்கம் கால் புண் பார்க்கும் எங்களைப் போன்ற மருத்துவர்களிடம் கூட்டம் சேர்ந்துவிடும். செருப்பில்லாமல் பழனிக்கு நடந்த கால், உள்ளங்காலில் கொப்புளம், கூடவே சர்க்கரை. அதுவரை புரிகிறது. புண்ணின் மேல் அப்பியிருக்கும் மஞ்சள் பொருக்குதான் எரிச்சலைக் கிளப்புகிறது. ஆன்டிபயாட்டிக், அதாவது கிருமியைக் கொல்லும் மருந்து, கேப்சூலைப் பிரித்துத் தூவிய பொடி, சீழோடு சேர்ந்து காய்ந்தது அது. ஊறவைத்து எடுத்தால், அடியில் எத்தனை துடைத்தாலும் போகாத, கிருமிகள் தங்களைச் சுற்றிக் கட்டிக்கொண்ட வழவழப்பான படலம்.

கேட்டால் பதில் தயார்: "பவர் தாங்காது, மூணு வேளை வேண்டாம், ஒண்ணு போதும்னு ஆச்சி சொன்னாக. மிச்சத்தைப் பிரிச்சுத் தூவினோம்."

அளவைக் குறைத்தால் பலன்தான் குறையும், கெடுதல் வராது என்று நினைக்கிறீர்களே, அங்கேதான் கோளாறு. கிருமி பெருகாமல் நிற்க, புண் இருக்கும் சதையில் மருந்து ஒரு குறைந்தபட்ச அளவுக்குச் சேர வேண்டும். அதற்குக் கீழே நின்றால் கிருமி சாகாது, உஷாராகிவிடும். சூடோமோனாஸ் கிருமிக்குக் கொல்லாத அளவில் டோப்ராமைசின் என்ற ஆன்டிபயாட்டிக்கைக் கொடுத்தபோது அது கூடுதலாகப் படலம் கட்டியதை 2005-ல் ‘நேச்சர்’ இதழில் வெளியான ஆய்வு காட்டியது. சீழ் பிடிக்க வைக்கும் ஸ்டெஃபைலோகாக்கஸில், அமாக்சிசிலின் போன்ற மருந்து குறைவாகப் பட்டால் சில ரகங்கள் டி.என்.ஏ.வை வெளியே கசியவிட்டு, அதையே பசையாக்கி ஒட்டிக்கொள்கின்றன. இந்த வகை மருந்துகள் அரைகுறையாகக் கிடைக்கும்போது சதையை அரிக்கும் நஞ்சையும் சில ரகங்கள் அதிகமாகச் சுரக்கின்றன. எல்லா மருந்தும் இப்படியில்லை. கிளிண்டாமைசின் நஞ்சுச் சுரப்பைக் குறைக்கும். அதற்காகக் கடையில் அதைக் கேட்டு வாங்கக் கிளம்பிவிடாதீர்கள்.

ஊருணிப் படியில் வழுக்கும் பாசியைத் தண்ணீர் ஊற்றியா போக்குகிறோம்? சுரண்டித்தானே எடுக்கிறோம். புண்ணிலும் அதே கதைதான். படலத்துக்குள் புகுந்த கிருமியைக் கொல்லச் சில நேரம் நூறு மடங்கு, ஆயிரம் மடங்கு மருந்து தேவைப்படும். அத்தனையை உடம்பு தாங்காது. சுரண்டினாலும் ஓரிரு நாளில் மறுபடி கட்டத் தொடங்கும் என்பதால்தான் திரும்பத் திரும்ப டிரெஸ்ஸிங்குக்கு வரச் சொல்கிறோம். தூவிய பொடியோ மேலே குவிந்து, ஆழத்திலும் ஓரத்திலும் அரைகுறையாகவே இறங்கும். போதாததற்குத் தோல் ஒவ்வாமையும் வரலாம். சர்க்கரையால் காலின் இரத்தக் குழாய் சுருங்கியவர்களுக்கு முழு டோஸ் சாப்பிட்டாலே புண்ணுக்குப் போய்ச் சேர்வது குறைவு. அதிலும் பாதியா?

எட்டு மணிக்கு ஒருமுறை என்று எழுதியிருந்தால் காலை 6, மதியம் 2, இரவு 10. சாப்பாட்டு நேரத்தை வைத்துப் போட்டால் இரவில் பன்னிரண்டு மணி நேரம் இடைவெளி விழும். அமாக்சிசிலின் இரத்தத்தில் பாதியாகக் குறைய ஏறக்குறைய ஒரு மணி நேரமே ஆகிறது. சிப்ரோஃப்ளாக்சசின் என்ற ஆன்டிபயாட்டிக் எழுதியிருந்தால் பாலோடு விழுங்காதீர்கள். கால்சியம், இரும்புச் சத்து மாத்திரை, ஜெலுசில் போன்றவை இருந்தால் அவற்றுக்கு 2 மணி நேரம் முன்போ 6 மணி நேரம் கழித்தோ போடுங்கள். வயிறு எரிந்தால் சொல்லுங்கள், மருந்தை மாற்றலாம். சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களுக்கு நாங்களே அளவைக் குறைப்போம். அந்தக் கணக்கு வேறு, பக்கத்து வீட்டுக்காரருக்குப் பொருந்தாது. எத்தனை நாள் என்பதையும் எழுதிக் கொடுத்தவரே முடிவு செய்யட்டும்.

சீழ், சிவப்பு, சூடு, வீக்கம் எதுவும் இல்லாத கொப்புளத்துக்கு ஆன்டிபயாட்டிக்கே வேண்டாம். சலைன் அல்லது காய்ச்சி ஆறவைத்த தண்ணீரில் கழுவி, சுத்தமான துணி கட்டி, அந்தக் காலை ஊன்றாமல் இருங்கள். சர்க்கரை உள்ளவர்கள் அதையும் ஒருமுறை காட்டிவிடுவது நல்லது.

மருந்துக் கடை அண்ணன்மாரே, உங்களுக்கும் சொல்ல வேண்டியிருக்கிறது. செஃபிக்சிம், லீவோஃப்ளாக்சசின் போன்ற ஆன்டிபயாட்டிக்குகள் 2014 முதல் மருந்து விதிகளின் எச்1 பட்டியலில் உள்ளன. சீட்டு வேண்டும், பதிவேட்டில் எழுதி மூன்று ஆண்டு வைத்திருக்கவும் வேண்டும். "ரெண்டே ரெண்டு குடுங்க" என்று கேட்பவருக்கு அட்டையை வெட்டிக் கொடுக்காதீர்கள், தயவுசெய்து.

புண்ணைச் சுற்றிச் சிவப்பு பரவினாலோ, நாற்றம் எடுத்தாலோ, விரல் கறுத்தாலோ, காய்ச்சல் வந்தாலோ அன்றைக்கே வாருங்கள். சாப்பிட்ட மாத்திரையின் அட்டையையும் கையோடு கொண்டுவாருங்கள். பாதிதான் போட்டேன் என்றால் அதையும் மறைக்காமல் சொல்லுங்கள். எந்தக் கிருமி என்று வளர்த்துப் பார்க்கும் கல்ச்சர் சோதனைக்குச் சதைத் துணுக்கை அனுப்பும் முன் அது எங்களுக்குத் தெரிய வேண்டும்.