கோச் நல்லவர்தான், ஆனால் கைவலியை யாரிடம் சொல்வது?

போன மாதம் அமெரிக்காவில் டல்லாஸ் பக்கத்திலிருந்து ஒரு அம்மா கூப்பிட்டார். மகளுக்கு 17 வயது, கோல்ஃப் நன்றாக ஆடுகிறாள், இரண்டு பல்கலைக்கழகங்கள் அவளை அணியில் சேர்க்கப் பேசிக்கொண்டிருக்கின்றன. "அக்கா, எந்த இடத்துல கோச் பெரிய ஆளு? அவ ஸ்விங்கை இன்னும் நல்லா ஆக்குவாங்களா?" என்று கேட்டார். ஸ்விங் என்றால் மட்டையை வீசும் விதம். "அது இருக்கட்டும்மா, அங்க ட்ரெய்னர் யாருன்னு கேட்டீங்களா?" என்றேன். கோச்சும் ட்ரெய்னரும் ஒருவர்தானே என்று அவர் நினைத்திருந்தார்.

ஒருவர் இல்லை. நான் பிசியோதெரபி படித்து, இங்கே அத்லெட்டிக் ட்ரெய்னராகக் கல்லூரி அணிகளுடன் வேலை செய்கிறேன். உடற்பயிற்சி சொல்லித்தருவது என் வேலை கிடையாது. காயத்தைக் கண்டுபிடிப்பதும், டாக்டரிடம் அனுப்புவதும், ஆடலாமா கூடாதா என்று சொல்வதும்தான் என் வேலை. அமெரிக்கக் கால்பந்து அணி என்றால் ட்ரெய்னர்கள் கூட்டமாக இருப்பார்கள். கோல்ஃபுக்கு அப்படி இல்லை. பெரும்பாலும் ஒரே ட்ரெய்னர் கோல்ஃப், டென்னிஸ் என்று இரண்டு மூன்று அணிகளைச் சேர்த்துப் பார்ப்பார். வெளியூர்ப் போட்டிக்கு அணியோடு அவர் போவது அபூர்வம்.

அப்போது கூடப் போவது யார்? தலைமைப் பயிற்சியாளரும் ஓர் உதவிப் பயிற்சியாளரும்தான். வேன் ஓட்டுவது, ஹோட்டல் அறை பிடிப்பது, சாப்பாடு வாங்குவது, பிள்ளைகளின் மதிப்பெண் தேர்ச்சி அளவுக்குக் கீழே போகாமல் பார்ப்பது எல்லாம் அவர்கள் தலையில். கோடைக்காலம் முழுக்க ஜூனியர் போட்டிகளுக்குப் போய் அடுத்த வருடத்துக்கான ஆட்களைத் தேட வேண்டும். போட்டி நாளில் தூரம் குறைந்த ஹோல் ஒன்றின் டீயில், அதாவது முதல் அடி அடிக்கும் இடத்தில் நின்று, காற்று எப்படி, எந்த கிளப் (மட்டை) எடுக்கலாம் என்று வருகிற ஒவ்வொரு பிள்ளைக்கும் சொல்வார்கள். கல்லூரி கோல்ஃபில் அதற்கு அனுமதி உண்டு.

ஸ்விங் பற்றி அந்த அம்மா கேட்டதற்கு எப்போதும் ஒருவரைச் சொல்வேன். ஹூஸ்டன் பல்கலைக்கழகத்தில் டேவ் வில்லியம்ஸ் என்றொரு பயிற்சியாளர் இருந்தார். 1956-க்கும் 1985-க்கும் இடையில் அவருடைய அணி 16 தேசிய பட்டங்களை வென்றது. அவர் பாடம் நடத்தியது கெமிக்கல் இன்ஜினியரிங். ஆட்களைத் தேர்ந்தெடுப்பதும், அவர்களுக்குள் போட்டியை மூட்டி நல்ல ஆட்டத்தை வெளியே கொண்டுவருவதும்தான் கல்லூரி கோச்சின் முதல் வேலை. ஸ்விங்குக்கு ஊரில் சின்ன வயதிலிருந்து சொல்லித்தந்த கோச்சையே பல பிள்ளைகள் தொடர்ந்து நம்புகிறார்கள், வீடியோ அனுப்பிக் கேட்கிறார்கள்.

ஆக ஒரு பிள்ளையின் உடம்பைப் பார்க்கிறவர்கள் நான்கு பேர்: ட்ரெய்னர், தலைமைப் பயிற்சியாளர், உதவிப் பயிற்சியாளர், ஊர் கோச். நால்வரும் ஒரே இடத்தில் இருப்பதில்லை. என்னைத் தூங்கவிடாத விஷயம் இதுதான்.

இரண்டாம் ஆண்டு மாணவி ஒருத்தி அக்டோபரில் என்னிடம் வந்தாள். இடது மணிக்கட்டுக்கு டேப் ஒட்டிவிடச் சொன்னாள். "லேசான வலிதான், பழகிடுச்சு" என்றாள். ஒட்டினேன். அடுத்த வாரமும் வந்தாள், ஒட்டினேன். மூன்றாவது முறைதான் கையை மேசைமேல் மல்லாக்க வைக்கச் சொன்னேன். சுண்டுவிரல் பக்கம், மணிக்கட்டு மடிப்பை ஒட்டி, மொச்சைக்கொட்டை மாதிரி ஒரு எலும்பு தட்டுப்படும். அதிலிருந்து ஒரு கட்டைவிரல் அகலம் ஆட்காட்டி விரலின் அடியை நோக்கித் தள்ளி அழுத்தினேன். சிரித்துக்கொண்டே இருந்தவள் சட்டென்று கையை இழுத்துக்கொண்டாள். கண்ணில் நீர் கோத்துவிட்டது.

அந்த இடத்தில் ஹேமேட் என்ற சின்ன எலும்பின் கொக்கி இருக்கிறது. வலக்கை ஆட்டக்காரருக்கு கிளப்பின் அடிமுனை இடது உள்ளங்கையில் அங்கேதான் பதியும். தரையையோ மரவேரையோ ஓங்கி அடித்தால் கொக்கி உடையலாம், திரும்பத் திரும்ப அடிப்பதாலும் விரிசல் விழலாம். சாதாரண எக்ஸ்ரேயில் தெரியாமல் போவது சகஜம். இவளும் செப்டம்பரில் வெளியூரில் ஓர் அவசர சிகிச்சை மையத்தில் எக்ஸ்ரே எடுத்திருக்கிறாள். ஒன்றுமில்லை என்று அனுப்பிவிட்டார்கள். சி.டி. ஸ்கேனில் முறிவு பளிச்சென்று தெரிந்தது. விட்டுவைத்தால் பக்கத்தில் ஓடும் நரம்பும், சுண்டுவிரலை மடக்கும் தசைநாணும் சேதமாகும்.

அப்புறம் விசாரித்தபோதுதான் புரிந்தது. அவள் கிளப்பைப் பிடிக்கும் பிடியை மாற்றியதை உதவிப் பயிற்சியாளர் கவனித்திருக்கிறார், ஊர் கோச் சொல்லியிருப்பார் என்று விட்டுவிட்டார். ஊர் கோச் வீடியோவில் அதையே பார்த்துவிட்டு, கல்லூரியில் மாற்றியிருப்பார்கள் என்று நினைத்திருக்கிறார். எக்ஸ்ரே சரியாக இருப்பது தலைமைப் பயிற்சியாளருக்குத் தெரியும், டேப் விஷயம் தெரியாது. எனக்கோ டேப் மட்டும் தெரியும். ஆளுக்கொரு துண்டு வைத்திருந்தோம். நானாவது முதல் வாரமே அழுத்திப் பார்த்திருக்க வேண்டும்.

ஏன் சொல்லவில்லை என்று அவளிடம் கேட்டேன். "சொன்னா அஞ்சுல இருந்து போயிடுவேனே" என்றாள். போட்டியில் ஓர் அணிக்கு ஐந்து பேர்தான் ஆடுவார்கள், நான்கு நல்ல ஸ்கோர் கணக்கில் சேரும். அந்த ஐந்தில் இடம்பிடிக்க அணிக்குள்ளேயே தகுதிச் சுற்று நடக்கும். இப்போது 2025-26 பருவத்திலிருந்து, ஆட்டக்காரர்களுக்குப் பல்கலைக்கழகமே பணம் தர வழிசெய்த புதிய நீதிமன்ற உடன்பாட்டை ஏற்ற பல்கலைக்கழகங்களில் கோல்ஃப் அணிக்கு மொத்தமே 9 பேர் என்று வரம்பு வந்துவிட்டது. அணியில் இருப்பதே போராட்டம். இதில் ஆட்களைத் தேர்ந்தெடுக்கிறவரிடமே போய் வலிக்கிறது என்று சொல்ல எந்தப் பிள்ளைக்கு மனம் வரும்? கோச் எவ்வளவு நல்லவராக இருந்தாலும் இதுதான் நிலைமை.

உடம்புக்கு இந்த ஆட்டம் லேசானதும் இல்லை. பல போட்டிகளில் முதல் நாளே 36 ஹோல், அதாவது இரண்டு முழுச் சுற்று. பை தூக்கும் கேடி கிடையாது. பையைத் தானே சுமக்க வேண்டும், இல்லையென்றால் தள்ளுவண்டி. 15 கிலோமீட்டருக்கு மேல் நடை. முந்தின நாள் ஏழெட்டு மணி நேரம் வேனில் உட்கார்ந்து வந்த இடுப்பு அது. இடுப்புவலி என்று வருகிறவர்களிடம் ஸ்விங்கைப் பற்றிக் கேட்பதற்கு முன் வேனில் எந்த சீட்டில் உட்கார்ந்தாய் என்றுதான் நான் கேட்பேன்.

பெற்றோருக்கு ஒரு விஷயம் தெரிந்திருக்க வேண்டும். பெரிய கல்லூரி அணிகளில், ஆடலாமா வேண்டாமா என்ற மருத்துவ முடிவு டாக்டருக்கும் ட்ரெய்னருக்கும் உரியது. கோச் அதை மாற்ற முடியாது என்பது கல்லூரி விளையாட்டுகளை நடத்தும் அமைப்பான என்.சி.ஏ.ஏ.வின் விதி. ஸ்காலர்ஷிப்பும் அப்படித்தான். கொடுத்த காலத்துக்குள் காயத்தைக் காரணம் காட்டிக் குறைக்கக் கூடாது. ஆனால் அந்தக் காலம் ஒரு வருடமா, நான்கு வருடமா என்பது ஒப்பந்தத்தில் இருக்கும். கையெழுத்து போடுவதற்கு முன் அந்த வரியைப் படியுங்கள்.

கல்லூரியைப் பார்க்கப் போகும்போது கோச்சிடம் நேராகவே கேட்கலாம். கோல்ஃபுக்கு ட்ரெய்னர் யார், அவரிடம் இன்னும் எத்தனை அணி? வெளியூரில் வலி வந்தால் யாரை அழைப்பது? காயத்தால் தகுதிச் சுற்று ஆட முடியாமல் போனால் எப்படித் திரும்ப வருவது? ஊர் கோச்சிடம் நீங்கள் பேசுவீர்களா? நல்ல கோச் இதற்கெல்லாம் முகம் சுளிக்க மாட்டார். முகம் சுளித்தால் அதுவும் உங்களுக்கு ஒரு தகவல்தான்.

அந்த மாணவிக்கு உடைந்த துண்டை எடுத்துவிட்டார்கள். மிச்ச இலையுதிர் பருவம் முழுக்க ஆடவில்லை, வசந்தத்தில் திரும்பினாள். இப்போது எங்கள் கோல்ஃப் அணியில் யார் டேப் கேட்டாலும், ஒட்டுவதற்கு முன் அந்த இடத்தை அழுத்திப் பார்க்கிறேன். திங்கட்கிழமை காலை நானும் இரண்டு பயிற்சியாளர்களும் பத்து நிமிடம் போனில் பேசிக்கொள்கிறோம். யாராவது பிடியை மாற்றியிருக்கிறார்களா என்பதுதான் நான் கேட்கும் முதல் கேள்வி.

டல்லாஸ் அம்மா நேற்று மறுபடி கூப்பிட்டார். ஓர் இடத்தில் ட்ரெய்னரே வந்து பத்து நிமிடம் பேசி, மகளின் கையில் தன் நம்பரைக் கொடுத்தாராம். இன்னோர் இடத்தில் "அதையெல்லாம் அப்புறம் பார்த்துக்கலாம்" என்றார்களாம்.