டி.டி. என்பவர் சட்டமன்ற உறுப்பினர் அல்லர்

அயர்லாந்து விடுதலைப் போராட்டத் தலைவர் கான்ஸ்டன்ஸ் மார்க்கிவிச் பற்றி ஆங்கிலத்திலிருந்து மொழிபெயர்த்த கட்டுரை ஒன்றில் "முன்னாள் சட்டமன்ற உறுப்பினரின் நாடாளுமன்றச் சாதனை" என்று படித்தேன். ஒரே தொடரில் இரண்டு பிழைகள். முதல் பிழையைப் பலமுறை பார்த்துப் பொறுத்திருந்தேன், இனி முடியாது.

அவர் வகித்த பொறுப்பின் பெயர் ஐரிஷ் மொழியில் ஏறத்தாழ 'டியாக்தா டோலா', சுருக்கமாக டி.டி. டியாக்தா என்றால் தூது போகிறவர். டோல் என்றால் கூட்டம், அவை. டோலா அதன் வேற்றுமை வடிவம்.

சட்டமன்றம் என்றதும் தமிழ் வாசகர் மனத்தில் எழுவது மாநில அவை. டோல் என்பதோ அயர்லாந்து என்னும் தனிநாட்டின் கீழவை. பிரதமரைத் தேர்ந்து முன்மொழியும் அவை. சட்டம் இயற்றுகிறவர் என்று பொருள்படும் ஆங்கிலச் சொல்லைக் கண்டவுடன், எந்த நாடு, எந்த அவை என்று கேளாமல் சட்டமன்றம் என்று எழுதிவிடுகிறார்கள். கேடு அதோடு நிற்பதில்லை. பிரிட்டனோடு இருக்கும் வட அயர்லாந்துக்கென்று பெல்ஃபாஸ்டின் ஸ்டோர்மான்ட்டில் உண்மையாகவே ஒரு சட்டமன்றம் இருக்கிறது. டப்ளின் அவையில் இருந்தவரை அங்கே கொண்டுபோய் உட்கார வைக்கிறது இந்த மொழிபெயர்ப்பு. அந்தத் தீவின் பிரிவினை வரலாறு தெரிந்தவர் எவரும் இதைச் சிறு பிழை என்று சொல்ல மாட்டார்.

'எம்.பி.' என்று எழுதலாமே என்பவர்களுக்கு: அது இன்னும் மோசம். அயர்லாந்து முழுவதும் பிரிட்டிஷ் ஆட்சியில் இருந்தபோது, 1918 டிசம்பர் தேர்தலில் அதன் 105 இடங்களில் 73ஐ வென்ற, விடுதலை கோரிய சின் ஃபெய்ன் கட்சியினர் லண்டன் நாடாளுமன்றத்தில் அமர மறுத்தனர். 1919 ஜனவரி 21 அன்று டப்ளின் மேன்ஷன் ஹவுஸில் கூடித் தங்கள் அவையைத் தாங்களே நிறுவினர். எம்.பி. ஆக மறுத்தவர்கள் ஏற்ற பெயர் டி.டி. மார்க்கிவிச் பிரிட்டிஷ் காமன்ஸ் அவைக்குத் தேர்ந்தெடுக்கப்பட்ட முதல் பெண். ஒருநாளும் அங்கே அமரவில்லை. 'நாடாளுமன்ற உறுப்பினர்' என்றாலும் தெளிவில்லை, மேலவையினரும் அதில் அடங்கிவிடுவார்கள். ஆங்கிலத்தில் இவர்களை 'டெபுட்டி' என்று விளிப்பதைத் 'துணை' என்று பெயர்ப்பவர்களும் உண்டு. யாருக்குத் துணை?

என் பரிந்துரை 'அவைப் பேராளர்'. தூதர் என்றால் இன்று வெளிநாட்டுத் தூதரே நினைவுக்கு வருவார். மாநாட்டுக்கு ஊர் சார்பில் அனுப்பப்படுபவரைப் பேராளர் என்று சொல்லும் வழக்கம் நம்மிடம் இருக்கிறது. அனுப்பியவர்கள் உண்டு என்பதை அந்தச் சொல் மறக்கவில்லை. டியாக்தாவின் உயிரும் அதுதான்.

இரண்டாவது பிழை, 'சாதனை'. ஆங்கிலத்தின் 'ரெக்கார்டு' ஓட்டப்பந்தயத்தில் சாதனையாக இருக்கலாம். அவை நடவடிக்கையில் அது பதிவு. மார்க்கிவிச்சின் பதிவில் தொழிலாளர் அமைச்சர் பொறுப்பு இருக்கிறது. 1922 ஜனவரியில் பிரிட்டனுடனான ஒப்பந்தத்தை எதிர்த்த பேச்சு இருக்கிறது. அதே ஆண்டுத் தேர்தலில் தோற்றதும், 1923இல் வென்றும் அவைக்குப் போகாததும் இருக்கின்றன. 1919இல் டோலின் முதல் கூட்டத்தில் உறுப்பினர் பெயர்களை அழைத்தபோது அவர் லண்டனின் ஹாலோவே சிறையில் இருந்தார். 'அந்நியரால் சிறை வைக்கப்பட்டவர்' என்று அவர் பெயருக்கு ஐரிஷ் மொழியில் பதில் வந்தது. அவருடைய அவைப் பதிவின் முதல் வரி அது.