ரெயில் டிரெயில்: பொருள் என்ன, எங்க பிறந்துச்சு, தமிழ்ல எப்படிச் சொல்றது?

ரயில் ஓட்டத்த நிறுத்திட்ட பழைய பாதையில தண்டவாளம், ஸ்லீப்பர் கட்டை எல்லாத்தையும் பேத்து எடுத்துட்டு, அந்தக் கரை மேலயே சைக்கிள் ஓட்டவும் நடக்கவும் பாதை போட்டா அதுக்குப் பேர்தான் ரெயில் டிரெயில். தமிழ்ல எழுதுறவங்க இத வெறுமனே சைக்கிள் பாதைன்னு எழுதிட்டுப் போயிடுறாங்க, எனக்கு அது போதாதுன்னு தோணுது, ஏன்னா ரோட்டு ஓரமா வெள்ளைக் கோடு போட்டு விடுற சைக்கிள் பாதைக்கும் இதுக்கும் பெரிய வித்தியாசம் இருக்கு.

ரயில் செங்குத்தா ஏறாது, சட்டுனு திரும்பவும் முடியாது. அதனால மேடு வந்தா வெட்டி, பள்ளம் வந்தா கரை எழுப்பி, மலை வந்தா சுரங்கம் குடைஞ்சு, ஏத்தம் பெரும்பாலும் நூத்துக்கு ரெண்டு அடிக்குள்ளயே இருக்குற மாதிரிதான் பாதை போட்டிருப்பாங்க. நீராவி இஞ்சினுக்காகப் பாத்த அந்த மட்டம் சைக்கிள் மிதிக்கிற காலுக்கும், சக்கர நாற்காலியில போறவங்களுக்கும், நடை தளர்ந்த பெரியவங்களுக்கும் அப்படியே பொருந்திப் போகுது. நகரத்துக்குள்ள இன்னொரு லாபமும் உண்டு, பல இடத்துல ரோடு இந்தப் பாதைக்கு மேலயோ கீழயோ தாண்டிப் போகும், அதனால சிக்னல்ல நிக்கிற வேலையே குறைவு. அமெரிக்காவுல மினியாபொலிஸ் நகரத்து மிட்டவுன் கிரீன்வே இப்படித்தான், சுமார் 9 கிலோமீட்டர், அதுல பெரும்பகுதி தெருமட்டத்துக்குக் கீழ வெட்டின பழைய ரயில் பள்ளத்துலயே போகுது.

சொல்லோட பிறப்புக்கு வருவோம். ரெயில்ங்கிறது நேரான கட்டை, கம்பின்னு பொருள் தர்ற பழைய பிரெஞ்சுச் சொல், அதுக்கும் முன்னாடி லத்தீன். டிரெயில்ங்கிறதுக்கு முதல்ல இருந்த பொருள் இழுத்துட்டுப் போறது, அப்புறம் இழுத்ததால விழுந்த தடம், கடைசியில காட்டுவழி. டிரெயின்ங்கிற சொல்லும் இழுக்குறதுங்கிற அதே வேர்ல இருந்து வந்ததுன்னுதான் சொல்றாங்க, ஆக வண்டி போய் வழி வந்தாலும் சொல் ஒரே குடும்பத்துக்குள்ளயே இருக்கு.

யோசனை வேர் பிடிச்சது அமெரிக்காவுல. 1963-ல மே வாட்ஸ்ங்கிற இயற்கை ஆய்வாளர் சிகாகோ டிரிப்யூன் பத்திரிகைக்கு ஒரு கடிதம் எழுதினாங்க, நின்னு போன ஒரு மின்ரயில் பாதைய நடைபாதையாக்கணும்னு கேட்டு, அதுல இருந்து வந்ததுதான் இல்லினாய் பிரெய்ரி பாத். 1967-ல விஸ்கான்சின்ல எல்ராய்-ஸ்பார்ட்டா பாதை திறந்தாங்க, 51 கிலோமீட்டர், நடுவுல மூணு சுரங்கம். பிரிட்டன்லயும் 1963-ல நஷ்டத்துல ஓடுற ரயில் பாதைகள மூடச் சொன்ன பீச்சிங் அறிக்கை வந்து ஏகப்பட்ட லைன்கள மூடிட்டாங்க, அப்படி மூடின ஒண்ணுதான் 1979-லேர்ந்து 1986 வரைக்கும் கொஞ்சங் கொஞ்சமா பிரிஸ்டல்-பாத் சைக்கிள் பாதையா மாறுச்சு. ஸ்பெயின்ல 1993-லேர்ந்து இதுக்கு பசுமை வழிங்கிற பொருள்ல வியா வெர்தேன்னு பேர். ஜெர்மன்ல ரயில்தடம், சைக்கிள் வழின்னு சொற்கள ஒட்டி பான்டிராசன்ராட்வேக்னு ஒரே சொல்லா ஆக்கிட்டாங்க. பின்லாந்து தலைநகர் ஹெல்சிங்கில துறைமுகத்துக்குச் சரக்கு போன பள்ளப் பாதை 2012-ல சைக்கிள் வழியாச்சு, அதுக்கு வச்ச பேர் பானா, தடம்ங்கிறதுக்கு அந்த ஊர்ப் பேச்சு வழக்குச் சொல். எனக்கு ரொம்பப் பிடிச்சது இதுதான், மக்கள் வாயில ஏற்கனவே இருந்த சொல்ல எடுத்து வச்சிருக்காங்க பாருங்க.

சரி, தமிழ்ல? தண்டவாளப் பாதைன்னு சொன்னா ரயில் இன்னும் ஓடுதுன்னு நினைச்சுக்குவாங்க. பசுமை வழின்னா கேக்க நல்லாருக்கு, ஆனா பூங்காவுக்குள்ள போற எந்த நடைபாதைக்கும் அது பொருந்தும், ரயில் இருந்த சுவடே சொல்லுல இல்ல. தொடரின்னா ரயில், ஆனா தொடரித்தடம்னு சொன்னா வண்டி ஓடுதா நின்னுடுச்சான்னு தெரியல. நான் சொல்றது இருப்புத்தட மிதிவழி. இரும்புங்கிறது இருப்புப்பாதைங்கிறதுல இருப்புன்னு திரிஞ்சது நமக்குப் பழகினதுதான். மிதிங்கிறது பெடல் மிதிக்கிறதுக்கும் வரும், காலால மிதிச்சு நடக்குறதுக்கும் வரும், அதனால சைக்கிள்காரங்க, நடக்குறவங்க ரெண்டு பேரையும் ஒரே சொல் சேத்துக்குது.

இதோட ஒட்டி வர்ற இன்னொரு சொல்லையும் தெரிஞ்சுக்கணும், ரெயில்பேங்கிங். அமெரிக்காவுல நிறைய இடத்துல ரயில் கம்பெனிக்கு நிலம் சொந்தமில்ல, வழியுரிமை மட்டுந்தான், லைன சட்டப்படி கைவிட்டுட்டா அந்த உரிமை போயி நிலம் துண்டு துண்டா பக்கத்து நிலக்காரங்ககிட்ட போயிடும், அப்படி ஒருதடவ அறுந்து போன பாதைய நகரத்துக்குள்ள திரும்ப ஒண்ணு சேக்குறது கிட்டத்தட்ட நடக்காத காரியம். அதனால 1983-ல தேசியத் தடங்கள் சட்டத்தத் திருத்தி, பின்னாடி ரயில் திரும்பத் தேவைப்பட்டா விடலாம், அதுவரைக்கும் சைக்கிள் வழியா இருக்கட்டும், இது கைவிட்டதா கணக்காகாதுன்னு ஒரு வழி பண்ணாங்க. 1990-ல உச்ச நீதிமன்றமும் சட்டம் செல்லும்னு சொல்லுச்சு, நிலக்காரங்க இழப்பீடு கேக்க வழி இருக்குன்னும் சொல்லுச்சு. இத தமிழ்ல தடத்த இருப்பில் வைத்தல்னு சொல்லலாம், வங்கி இருப்பு, கையிருப்புன்னு சொல்றோமே அந்த இருப்பு. அதனாலதான் இப்படிப்பட்ட பாதையப் பத்தி எழுதுறப்ப கைவிடப்பட்டன்னு போடுறதுக்கு முன்னாடி ஒருதடவ பாத்துக்கணும், சட்டத்துல அது கைவிடப்படாத தடம்.

ரயில் ஓடிட்டிருக்கும்போதே அதே இடத்துல பக்கத்துல வேலியோ இடைவெளியோ விட்டுப் போடுற பாதையும் உண்டு, ரெயில் வித் டிரெயில்னு சொல்றது, அது வேற வகை. அத இருப்புப்பாதை ஓர மிதிவழின்னு தனியா எழுதுனா ரெண்டும் குழம்பாது.