சொல் விளக்கம்: கல்வி அறக்கட்டளை

அறக்கட்டளை, பெயர்ச்சொல். ஒரு பொதுநன்மைக்கென்று முதல் ஒதுக்கி, அந்த முதலைக் கரைக்காமல் அதன் வருவாயைக் கொண்டு அந்தக் காரியத்தைத் தொடர்ந்து நடத்த எழுதிவைக்கும் ஏற்பாடு. அந்த ஏற்பாட்டை நடத்தும் அமைப்பு.

இந்த விளக்கத்தை வைத்துக்கொண்டு கோவை, திருப்பூர், ஈரோடு பக்கத்து அரசுப் பள்ளிகளின் சுவரில் உள்ள பெயர்ப் பலகைகளைப் படித்தால், அறக்கட்டளை, பவுண்டேஷன், டிரஸ்ட் என்று எழுதியிருப்பதில் பல அந்தப் பெயருக்குப் பொருந்தா. ஜூன் மாதம் முன்னாள் மாணவர்கள் பணம் திரட்டி நோட்டு வாங்கிக் கொடுப்பதும், ஒரு மில் குடும்பம் நிலம் எழுதிவைத்துப் பள்ளி நடத்துவதும், ஒரு நிறுவனம் அந்த ஆண்டின் சமூகப் பொறுப்பு நிதியில் கழிப்பறை கட்டித் தருவதும் ஒரே பெயரில் போகின்றன. மூன்றும் நல்ல காரியங்கள்தாம். ஆனால் மூன்றும் வேறு வேறு. பெயரைச் சரியாக வைத்தால்தான் எதனிடம் என்ன எதிர்பார்க்கலாம் என்பது பள்ளிக்குத் தெரியும்.

கட்டளை என்றதும் இன்று உத்தரவு என்ற பொருள்தான் முதலில் தோன்றும். ‘கட்டு’ என்ற வினையடியில் பிறந்த இச்சொல்லின் பழைய பொருள் வரையறுத்த அளவு. ‘பெருமைக்கும் ஏனைச் சிறுமைக்கும் தத்தம் கருமமே கட்டளைக் கல்’ என்னும் 505ஆம் குறளில் அது பொன்னின் மாற்றை உரைத்துப் பார்க்கும் கல். செங்கல் அறுக்கும் அச்சுக்கும் கட்டளை என்று பெயர் உண்டு. கட்டளைக் கலித்துறை என்னும் பாவினத்தில் நேரசையில் தொடங்கும் அடிக்கு ஒற்று நீக்கி 16 எழுத்து, நிரையசையில் தொடங்கினால் 17. ஓர் எழுத்து கூடினாலும் குறைந்தாலும் அது கட்டளைக் கலித்துறை ஆகாது.

கோயில் வழக்கில் இந்தச் சொல்லோடு பணம் சேர்ந்தது. ஒரு காலப் பூசைக்கு, ஒரு விளக்குக்கு, ஒரு நாள் திருவிழாவுக்கு என்று குறித்து நிலமோ பொன்னோ எழுதிவைப்பது கட்டளை. உச்சிக்காலக் கட்டளைக்கு எழுதிய நிலத்தின் குத்தகையை அர்த்தசாமத்துக்குத் திருப்ப முடியாது. கொங்கு நாட்டுத் தேர்த்திருவிழா அழைப்பிதழ்களில் ஒவ்வொரு நாளுக்கும் நேரே கட்டளைதாரர் பெயர் அச்சாவது இந்த வழக்கின் தொடர்ச்சி. 12, 13ஆம் நூற்றாண்டுகளைச் சேர்ந்த கொங்குச் சோழர் காலக் கல்வெட்டுகள் பலவற்றில் இதே ஒழுங்கைக் காணலாம். சந்தியா தீபம் என்னும் அந்தி விளக்கு எரிக்கக் காசு கொடுத்தவர் பெயர், கொடுத்த பழஞ்சலாகை அச்சு என்னும் காசின் எண்ணிக்கை, அதைப் பெற்றுக்கொண்ட கோயில் பூசகரான சிவப்பிராமணர் பெயர், சந்திரரும் சூரியரும் உள்ளவரை எரிப்போம் என்ற உறுதி. கொடுத்தவர், முதல், பொறுப்பாளர், நோக்கம், காலம் என ஐந்தும் ஒரு கல்லில் அடங்கிவிடும். இன்றைய அறக்கட்டளைப் பத்திரத்தின் எலும்புக்கூடும் இதுதான்.

முதல் கரையக் கூடாது என்பதையும் கல்வெட்டுத் தமிழ் அழகாகச் சொல்லிவைத்திருக்கிறது. சோழர் கல்வெட்டுகளில் ஒரு நந்தா விளக்குக்கு, அதாவது அணையா விளக்குக்கு, 90 அல்லது 96 ஆடு கொடுத்து, அவற்றைச் ‘சாவா மூவாப் பேராடு’ என்பார்கள். ஆடு சாகும், மூப்படையும். ஆனால் குட்டியைக் கொண்டு மந்தையின் எண்ணிக்கையைக் காப்பது ஏற்றுக்கொண்ட இடையனின் பொறுப்பு. நாளுக்கு ஓர் உழக்கு நெய் விளக்குக்கு வந்துகொண்டே இருக்க வேண்டும். பொன்னாகக் கொடுத்தால் அது முதல், அதன் வட்டி பொலிசை. கணக்காளர்கள் கார்பஸ் என்று சொல்வதற்கு மூலநிதி என்ற சொல் இன்று வழங்குகிறது. முதல் என்றாலே போதும், கடைக்காரருக்கும் விவசாயிக்கும் விளக்க வேண்டியதில்லை.

அறமும் கட்டளையும் பழஞ்சொற்கள். இரண்டையும் சேர்த்த கூட்டுச்சொல் பிற்காலத்தது. கோயில் கட்டளை கல்விக் கட்டளையாக மாறியதற்குச் சென்னை வணிகர் பச்சையப்ப முதலியாரின் சொத்து நல்ல சான்று. 1794இல் மறைந்த அவர் விட்டுச்சென்ற பணம் முதன்மையாகக் கோயில் திருப்பணிகளுக்கானது. நீண்ட வழக்குக்குப் பிறகு, மிஞ்சிய தொகை நீதிமன்றத்தின் வழியே கல்விக்குத் திரும்பி, 1842இல் சென்னையில் பள்ளி தொடங்கியது. கொங்கில் இதற்கு ஈடாகச் சொல்ல வேண்டியது பீளமேட்டில் 1926இல் தொடங்கிய பி.எஸ்.ஜி. அறநிலையம். பி.எஸ்.கோவிந்தசாமி நாயுடுவின் நான்கு மகன்கள் குடும்பச் சொத்தை ஐந்தாகப் பிரித்து, ஐந்தாவது பங்கை அறத்துக்கு வைத்தார்கள். ஆண்டுதோறும் கொடுப்பது என்றில்லாமல் பங்கையே பிரித்து வைத்ததால்தான் அது அறக்கட்டளை.

இனி ஆங்கிலச் சொற்கள். பவுண்டேஷன் என்பது அடிப்பகுதியைக் குறிக்கும் இலத்தீன் சொல்லிலிருந்து வந்தது. இந்த இடத்தில் ‘அடித்தளம்’ என்று மொழிபெயர்ப்பது பிழை. டிரஸ்ட் என்பதன் அடி நம்பிக்கை: ஒருவர் சொத்தைப் பிறர் நன்மைக்காக இன்னொருவர் காப்பது. அந்தக் காப்பாளருக்கு முன்பு தருமகர்த்தா என்றோம், இன்று அறங்காவலர். எண்டோமென்ட் என்பதன் இலத்தீன் வேருக்குச் சீதனம் என்று பொருள். நம் ஊர்களில் மேளதாளத்தோடு பீரோவும் நாற்காலியும் மின்விசிறியும் தட்டுகளில் சிலேட்டும் புத்தகமும் ஊர்வலமாகப் பள்ளிக்குக் கொண்டுபோவதைக் கல்விச் சீர் என்கிறார்கள். இரண்டு மொழியும் தனித்தனியே ஒரே எண்ணத்துக்கு வந்திருப்பது மகிழ்ச்சி தருகிறது. ஆனாலும் கல்விச் சீர் ஒருமுறைக் கொடை. அடுத்த ஆண்டு மின்விசிறிக்குக் கெப்பாசிட்டர் போனால் யார் மாற்றுவது என்பதற்கு அதில் ஏற்பாடு கிடையாது.

அமெரிக்காவில் ‘லோக்கல் எஜுகேஷன் பவுண்டேஷன்’ என்பது தனி வகை. அங்கே பள்ளிகளின் வருமானத்தில் பெரும்பங்கு உள்ளூர்ச் சொத்து வரியிலிருந்து வந்தது. கலிஃபோர்னியாவில் 1978இல் மக்கள் வாக்கெடுப்பில் நிறைவேறிய 13ஆம் முன்மொழிவு சொத்து வரியை மதிப்பில் 1 விழுக்காட்டுக்குள் கட்டியதும் பள்ளிகளுக்குப் பணம் சுருங்கியது. ஊர்க்காரர்கள் கூடிப் பள்ளி நிர்வாகத்துக்கு வெளியே இத்தகைய அமைப்புகளை உருவாக்கினார்கள். அவற்றின் முக்கியமான வேலை ஆசிரியர்களுக்குச் சிறு தொகை கொடுப்பது. விண்ணப்பிப்பவர் வகுப்பாசிரியர். இந்த ஒன்றை நாம் எடுத்துக்கொள்ள வேண்டும். நம் பக்கம் பெரும்பாலும் கொடையாளர் மனதில் தோன்றியது பள்ளிக்கு வருகிறது. வகுப்பில் எது குறைகிறது என்பது அந்த வகுப்பில் நிற்பவருக்கே தெரியும்.

லோக்கல் எஜுகேஷன் பவுண்டேஷனுக்குத் தமிழ், ஊர்க் கல்வி அறக்கட்டளை. அது கொடுக்கும் கிராண்ட் என்பதற்கு மானியம் என்று எழுதுகிறார்கள். மானியம் அரசு கொடுப்பது என்ற எண்ணம் ஊன்றிவிட்டதால் நல்கை நல்லது. வகுப்பறை நல்கை என்று எழுதலாம். புராஜெக்ட் என்பதற்குச் செயல்திட்டம் பாடநூலிலேயே உள்ளது. என்ரிச்மென்ட் என்பதற்குச் செறிவூட்டல் என்று அகராதி சொல்லும். ரேஷன் கடையில் செறிவூட்டப்பட்ட அரிசி வந்த பிறகு மாணவருக்கு அச்சொல்லைப் போடுவது பொருந்தவில்லை. கூடுதல் கற்றல் வாய்ப்பு என்று வெளிப்படையாகச் சொல்வதே மேல். கல்வி உதவித்தொகை இதில் சேராது. அது தனி மாணவரின் கட்டணத்துக்கு, நல்கை வகுப்பு முழுவதற்கும்.

வகுப்பறை நல்கைக்கு ஒரு பக்க விண்ணப்பம் போதும். எந்த வகுப்பு, எந்தப் பாடம், எத்தனை மாணவர், என்னென்ன பொருள், விலைப்புள்ளி, யார் பொறுப்பு, அடுத்த ஆண்டு அது எப்படி ஓடும். கடைசிக் கேள்வியைத்தான் எல்லோரும் விட்டுவிடுகிறார்கள். ஏழாம் வகுப்பில் 40 பேருக்கு நுண்ணோக்கி என்று வைத்துக்கொள்வோம். ஒன்றுக்கு ஐந்து பேர் என்றால் எட்டு வேண்டும். ஒன்று மட்டும் வாங்கினால் ஆசிரியர் மேசையில் இருக்கும், பிள்ளைகள் வரிசையில் நின்று ஒரு கண்ணால் பார்த்துவிட்டுப் போவார்கள். எட்டு வாங்கினாலும் மாதிரி வைக்கும் கண்ணாடித் தகடும் அதன் மூடு வில்லையும் அயோடின் கரைசலும் ஓரிரு பருவத்தில் தீர்ந்துவிடும். ஆகவே தொகையில் ஐந்தில் ஒரு பங்கைத் தீர்ந்துபோகும் பொருளுக்கென்று தனியே நிறுத்திவைக்க வேண்டும். வால்பாறை போன்ற மழை மிகுந்த இடமானால் லென்சில் பூஞ்சை படரும். காற்றுப் புகாத பெட்டியும் சிலிக்கா ஜெல்லும் பட்டியலில் இல்லாமல் அனுமதிக்கக் கூடாது.

பெரிய திரைத் தொலைக்காட்சி கேட்டால் முதலில் பார்க்க வேண்டியது மின்சாரம். அந்த அறையில் எர்த் இணைப்பு உள்ள பிளக் இருக்கிறதா, மின்னழுத்தம் நிலையாக வருகிறதா. யுபிஎஸ் கூட வாங்கினால், கோடை விடுமுறையில் பேட்டரியில் டிஸ்டில்டு வாட்டர் வற்றி ஜூனில் செத்துக் கிடக்கும். மே மாதம் ஒருமுறை பார்ப்பதற்கு ஆள் பெயர் குறிக்க வேண்டும். நொய்யல் பக்கம் உப்பேறிய ஆழ்துளைக் கிணற்று நீருக்கு ஆர்ஓ இயந்திரம் வைத்தால், சவ்வு விரைவில் அடைபடும். மாற்றும் செலவை அறக்கட்டளை ஏற்காவிட்டால் இயந்திரம் சுவரோடு நின்றுவிடும். நூலகப் புத்தகங்கள் பீரோவில் பூட்டிக் கிடப்பதற்குக் காரணம் ஆசிரியரின் சோம்பல் அன்று. இருப்புப் பதிவேட்டில் ஏறிய புத்தகம் தொலைந்தால் தணிக்கையில் பதில் சொல்ல வேண்டுமே என்ற பயம். வகுப்பறையிலேயே கிழியக் கிழியப் படிக்கும் சிறுநூல்களைத் தீரும் பொருளாக எழுதிக் கொடுக்க முடியுமா என்று தலைமை ஆசிரியரிடம் முன்பே பேசி முடிவு செய்தால் பீரோ திறக்கும்.

எல்லா நல்கையும் பொருளாக இருக்க வேண்டியதில்லை. திருப்பூரில் பனியன் வேலைக்கு வந்த வடமாநிலக் குடும்பங்களின் பிள்ளைகள், வீட்டில் இந்தியோ ஒடியாவோ பேசிவிட்டு வகுப்பில் தமிழ் கேட்கிறார்கள். படஅட்டைகளும், மாலையில் ஒரு மணி நேரம் பேசிப் பழக்க ஓர் ஆளும் அங்கே கணினியைவிடப் பயன்படும். தாளவாடி, கடம்பூர் மலைப் பள்ளிகளுக்குப் பயணச் செலவே பெரிய தடை. நொய்யல் கரையில் இரும்பு உருக்கியதற்கும் கல்மணி செய்ததற்கும் அகழாய்வில் தடயம் கிடைத்த கொடுமணலையோ, கோவையின் காஸ் வன அருங்காட்சியகத்தையோ பார்க்க ஒரு பேருந்து வாடகை கொடுப்பது முழுமையான நல்கை. பெற்றோர் ஒப்புதல் கடிதம், உரிய அனுமதி, பெண் பிள்ளைகளோடு ஆசிரியை, உணவு ஆகிய நான்கும் உறுதியான பிறகே பணத்தை விடுவிக்க வேண்டும்.

பணம் தனி ஆசிரியர் கையில் போகக் கூடாது. 2009ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டத்தின் 21ஆம் பிரிவுப்படி அமையும் பள்ளி மேலாண்மைக் குழுவில் முக்கால் பங்கு பெற்றோர். அங்கே தீர்மானம் போட்டு ஏற்பதே ஒழுங்கு. அரசுப் பள்ளிகளுக்குக் கொடை சேர்க்க 2022 டிசம்பரில் தொடங்கிய ‘நம்ம ஸ்கூல் நம்ம ஊரு பள்ளி’ திட்டமும் இருக்கிறது.

சட்டத்திலும் கட்டளை என்ற சொல்லின் பழம்பொருள் உயிரோடு இருக்கிறது. வருமான வரிச் சட்டத்தில், ஒரு கொடை முதலோடு சேர வேண்டும் என்று கொடுத்தவர் குறித்துச் சொல்லியிருந்தால்தான் அது முதலுக்கான வரி விலக்கைப் பெறும். வாய்ச்சொல்லை நம்பாமல் கடிதம் வாங்கிக் கோப்பில் வைக்க வேண்டும். கடிதம் இல்லாவிட்டால் அது சாதாரண வருமானம். வரி விலக்கு வேண்டுமானால் அதில் 85 விழுக்காட்டைப் பொதுவாக அந்த ஆண்டே செலவிட வேண்டும். நல்லெண்ணத்தோடு வந்த பெரிய தொகை முதலாக நிற்காமல் போவது பெரும்பாலும் இந்த ஒரு தாள் இல்லாததால். 1961ஆம் ஆண்டுச் சட்டத்தில் 80ஜி எனப்பட்ட, கொடுத்தவருக்கான வரிச் சலுகைக்கு 2,000 ரூபாய்க்கு மேல் ரொக்கம் செல்லாது. 2025ஆம் ஆண்டின் புதிய வருமான வரிச் சட்டத்தில் பிரிவு எண்கள் மாறியிருப்பதால் பழைய ரசீதுப் புத்தகத்தை அப்படியே அச்சிட வேண்டாம்.

நிறுவனச் சமூகப் பொறுப்பு நிதி முதலாகவே ஆக முடியாது. 2013ஆம் ஆண்டு நிறுவனங்கள் சட்டத்தின் 135ஆம் பிரிவுப்படி சராசரி நிகர லாபத்தில் செலவிடும் 2 விழுக்காட்டை ஓர் அமைப்பின் முதலில் சேர்ப்பதை 2021இல் வந்த விதித் திருத்தம் தடுத்துவிட்டது. அதை நல்கைக்குச் செலவிடலாம். முதலுக்கு ஊர்க்காரர்களையும் முன்னாள் மாணவர்களையும்தான் நம்ப வேண்டும். வெளிநாட்டில் இருப்பவர் இந்தியக் கடவுச்சீட்டோடு தன் பணத்தைக் கொடுத்தால் உள்நாட்டுக் கொடை. அந்நாட்டுக் குடியுரிமை பெற்றுவிட்டால், வெளிநாடுவாழ் இந்தியருக்கான ஓசிஐ அட்டை இருந்தாலும் வெளிநாட்டுக் கொடையாகும். வெளிநாட்டுக் கொடைகளை ஒழுங்குபடுத்தும் எப்சிஆர்ஏ சட்டப்படி பதிவோ முன்னனுமதியோ இல்லாமல் ஒரு ரூபாய்கூட வாங்கக் கூடாது.

10 லட்சம் ரூபாயை முதலாக வைத்தால் 7 விழுக்காட்டு வட்டியில் ஆண்டுக்கு 70,000 வரும். 12,000 வீதம் ஐந்து வகுப்பறை நல்கை கொடுத்தால் 60,000. மீதி 10,000 முன்பு கொடுத்தவற்றின் பழுதுக்கு. விலைவாசி ஏற ஏற இந்த ஐந்து நான்காகும். ஆகவே ஆண்டுதோறும் வரும் புதுக் கொடையில் ஒரு பகுதியை உரிய கடிதத்தோடு முதலில் சேர்த்துக்கொண்டே போக வேண்டும்.

முதல் இல்லாமல் ஆண்டுதோறும் திரட்டிச் செலவிடும் குழு தன்னைக் கல்வி உதவிக் குழு என்றோ முன்னாள் மாணவர் நிதிக் குழு என்றோ அழைத்துக்கொள்வது சரியான தமிழ். சார்பதிவாளர் அலுவலகத்தில் பத்திரம் பதிந்து, நோக்கத்தை ஊர், பள்ளி, பணி என்று குறித்து, முதலை வைப்பில் போட்டு, அமைப்பு கலைந்தால் மீதி எந்தக் கல்விப் பணிக்குப் போகும் என்பதையும் எழுதிய பிறகு பலகையில் அறக்கட்டளை என்று எழுதலாம்.