நிலாவெளிக் கடலில் இறங்குமுன் லென்ஸைக் கழற்றுங்கள்

மைனஸ் 6 பவர் கண்ணாடி விழியிலிருந்து ஏறக்குறைய 12 மில்லிமீற்றர் தள்ளி நிற்கிறது. கொன்டாக்ட் லென்ஸோ கருவிழிமேல் உள்ள கண்ணீர்ப் படலத்திலேயே மிதக்கிறது. அந்த இடைவெளி இல்லாததால் 6.00க்குப் பதில் 5.50 போதும். கண்ணாடிச் சீட்டைக் காட்டி லென்ஸ் வாங்குவது பிழை என்பது இதனால்தான். கருவிழியின் வளைவையும் அளந்தாக வேண்டும்.

விளையாட்டில் லென்ஸுக்கே என் வாக்கு. திருகோணமலை மக்கெய்சர் மைதானத்தில் உயர வரும் பந்தைக் கண்ணாடியின் ஓரத்தால் பார்த்தால், ஓரம் பட்டகம்போல ஒளியைத் திருப்பி, பந்தை இடம்மாற்றிக் காட்டும். லென்ஸ் விழியோடு சேர்ந்தே திரும்புவதால் இந்தக் குழப்பம் குறைவு. ஆனால் பந்தடியிலிருந்து அது கண்ணைக் காக்காது.

கச்சான் காற்று வீசும் மாதங்களில் கதை மாறும். மென்லென்ஸில் பாதிவரை நீர்தான். வறண்ட காற்றில் அது உலர, கண் உறுத்தும், பார்வை மங்கும். மோட்டார் சைக்கிளில் போகிறவர் லென்ஸுக்கு மேலே சாதாரண வெயில் கண்ணாடியும் போடுவது நல்லது. கண்ணாடியில் படியும் உப்பையும் மணலையும் சட்டை நுனியால் துடைக்காதீர்கள், கீறல் விழும். முதலில் தண்ணீரில் அலசுங்கள்.

லென்ஸுக்கு அந்தத் தண்ணீரே எதிரி. கிணற்றுநீர், குழாய்நீர், கடல்நீர் எதிலும் அகந்தமீபா என்ற நுண்ணுயிர் இருக்கலாம். லென்ஸில் ஒட்டி, கருவிழியின் சிறு கீறல் வழியே புகுந்தால் பார்வையே போகக்கூடும். அதன் உறைவடிவம் குழாய்நீரில் கலக்கும் குளோரினுக்கும் தப்பிவிடும். ஆகவே கையைச் சவர்க்காரம் போட்டுக் கழுவினால் மட்டும் போதாது, ஈரம் போகத் துடைத்த பிறகே லென்ஸைத் தொட வேண்டும்.

நன்னீரில் உப்பு கண்ணீரைவிடக் குறைவு. அது பட்டால் மென்லென்ஸ் கருவிழியில் இறுகிப் பிடிக்கும். அப்போது பிய்த்தெடுத்தால் மேல்தோல் உரியும். கண்ணுக்கான கிருமிநீக்கிய உப்புநீரைச் சொட்டிவிட்டு, லென்ஸ் அசையும்வரை பொறுங்கள். எடுத்ததை எறிந்துவிடுங்கள். பிறகும் சிவப்பு, வலி, வெளிச்சக் கூச்சம் இருந்தால் அன்றே கண் மருத்துவரிடம் போக வேண்டும்.

நிலாவெளிக்கு எதிரே உள்ள புறாத்தீவில் பவளம் பார்க்கக் கண்ணாடியும் உதவாது. அதன் காது நீர்மூழ்கும் முகமூடியின் விளிம்பைத் தூக்க, நீர் கசியும். அரை அரையாகப் பவர் ஏறும் ஆயத்த முகமூடிகள் கிடைக்கின்றன. கருவிழியின் சீரற்ற வளைவைச் சரிசெய்யும் சிலிண்டர் பவர் பெரும்பாலும் அவற்றில் இராது. மைனஸ் 1 அளவுக்காரருக்கு வெறும் முகமூடியே போதலாம்: நீருக்குள் மீன் முக்கால் தூரத்தில்தான் தெரியும்.